அட்ராக்டா தேடிய மூன்று மறுப்புகள்

அட்ராக்டா பேடனின் ஒன்பது அபராதப் புள்ளிகளும் ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு பூசைக்கும் இன்னொரு பூசைக்கும் நடுவில் கிடைத்தவை. பன்னிரண்டு சேர்ந்தால் ஆறு மாதத்துக்கு லைசென்ஸ் போய்விடும். ஒன்பதோடு நின்றதற்குக் காரணம் அவள் திருந்தியது அல்ல. சாலையில் வேகத்தைப் படமெடுக்கும் கேமரா வேன்காரர் இடுப்பு வலி என்று இரண்டு மாதம் விடுப்பில் போனதுதான்.

ஒரு காலத்தில் எங்கள் பக்கத்தில் கோவிலுக்கு ஒரு சாமியார், ஒரு ஆர்கன், அதை வாசிக்க ஒரு ஆள் என்று இருந்தது. பிறகு சாமியார்கள் குறைந்தார்கள். இப்போது மூன்று கோவிலுக்கு இரண்டு பேர். ஆர்கன் வாசிக்கிறவர்கள் அதைவிட வேகமாகக் குறைந்து, மூன்றுக்கும் சேர்த்து அட்ராக்டா ஒருத்தி. வயது அறுபத்தாறு. கில்வராவில் ஒன்பதரைக்குப் பூசை, ரோஸ்பெக்கில் பத்தரைக்கு, கிளாஷ்னாவில் பதினொன்றரைக்கு. ரோஸ்பெக் பூசை முடிந்து அவள் காரில் ஏறும்போது பதினொன்று பன்னிரண்டு ஆகியிருக்கும். அங்கிருந்து கிளாஷ்னாவுக்கு இருபத்துநான்கு கிலோமீட்டர், சதுப்பு நிலத்தின் நடுவே வளைந்து வளைந்து போகும் குறுகிய சாலை. அறுபதுக்கு மேல், வளைவுகளில் நாற்பதுக்கு மேல் போகக்கூடாது என்று பலகை சொல்கிறது; வழியெல்லாம் வளைவுதான். எண்பதில் போனால்தான் நேரத்துக்குப் போகலாம் என்று கணக்குச் சொல்கிறது. அட்ராக்டா நூறில் போவாள், ஆர்கனைத் திறந்து சூடாக்க இரண்டு நிமிடம் வேண்டுமே என்று.

நேரத்தை மாற்றிவைக்கலாமே என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்பார்கள். மூன்று ஊருக்கும் நடுவே கால்பந்துப் பகை உண்டு. பூசை நேரத்தில் கால் மணி விட்டுக்கொடுத்த ஊர், அந்த வருடக் கோப்பையை விட்டுக்கொடுத்த ஊராகத்தான் எண்ணப்படும்.

இதோடு கிளாஷ்னாவில் காரைப் பின்னால் எடுத்தபோது மாதா சிலை நிற்கும் கெபியின் சுற்றுச்சுவரில் மூன்று அடி இடிந்து விழுந்தது. சிலைக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் திரும்பிக்கொண்டது, அவ்வளவுதான். முன்பு கடலைப் பார்த்துக்கொண்டிருந்த மாதா இப்போது மதுக்கடையைப் பார்க்கிறாள். கடைக்காரர் இதை அற்புதம் என்கிறார், யாரையும் திருப்பிவைக்க விடவில்லை. சுவருக்கான செலவை இன்ஷூரன்ஸ் கொடுத்தது. கொடுத்த கையோடு ஒரு கடிதமும் போட்டது.

“யாரு செத்தது?” என்று கேட்டார் ஜார்லத். அட்ராக்டாவின் அண்ணன். கல்யாணம் ஆகாதவர், அவளோடு ஒரே வீட்டில் இருப்பவர். தடித்த உறையில் வரும் கடிதம் எல்லாமே சாவுச் செய்தி என்பது அவர் எண்ணம்.

“யாரும் சாகல. இன்ஷூரன்ஸ்காரன் என்னைப் புதுப்பிக்க மாட்டேன்னுட்டான்.”

“அறுபத்தாறு வயசுல உன்னை எவன் புதுப்பிப்பான்? கூரையையே புதுப்பிக்க ஆள் கிடைக்க மாட்டேங்குது.”

அட்ராக்டா கடிதத்தை மறுபடி படித்தாள். ‘தங்களுடைய ஓட்டுநர் வரலாற்றைக் கருத்தில் கொண்டு’ என்று எழுதியிருந்தது. தனக்கு வரலாறு என்று ஒன்று இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும். கூடவே ஒரு தாள். அதில் தேதி, மணி, நிமிடம், நொடி, வேகம். முதல் தடவை தொண்ணூற்று மூன்று, அடுத்தது தொண்ணூற்றேழு, மூன்றாவது நூற்றொன்று. ஏறுமுகமாகத்தான் இருந்தது. மூன்றாவதன் படத்தையும் அவள் ஏற்கெனவே வாங்கிப் பார்த்திருந்தாள். அதில் அவள் வாய் அகலத் திறந்திருந்தது, காணிக்கைப் பாட்டை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

தன்னை இவ்வளவு கவனமாக, நொடி பிசகாமல், யாரோ பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். புருஷன் உயிரோடு இருந்தபோதுகூட இந்தக் கவனிப்பு இல்லை. அவளுக்குக் கோபம் வருவதற்கு முன்னால் மலைப்பு வந்துவிட்டது.

பிறகு காரின் முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த இன்ஷூரன்ஸ் வில்லையைப் போய்ப் பார்த்தாள். மே முப்பது வரைதான். நான்கு வாரம் இருந்தது.

கார் இல்லாவிட்டால் கில்வராவுக்கு நடந்து போகலாம். ரோஸ்பெக்குக்கு யாராவது ஏற்றிக்கொள்வார்கள். கிளாஷ்னாவுக்குத்தான் ஒருவரும் இல்லை. அட்ராக்டா பிறந்த ஊர் கிளாஷ்னா. அவளுடைய அம்மாவை அங்கேதான் அடக்கம் செய்தார்கள், அந்த நாளில் வாசிக்க ஆள் கிடைக்காமல். கோவில் நிறையக் கூட்டம் இருந்தும் ஒரு குரல் எழவில்லை. கூரையில் மழையும், உள்ளே இருமலும் மட்டும். அந்த வருடம்தான் அவள் வாசிக்க ஆரம்பித்தாள். முப்பத்தொரு வருடமாகக் கிளாஷ்னாவில் ஒரு பூசையையும் ஓர் அடக்கத்தையும் அவள் சத்தமில்லாமல் போக விட்டதில்லை.

கிளாஷ்னாக்காரர்களைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இதன் கனம் புரியாது. கோவிலில் அவர்கள் வாய் திறப்பது, பூசையில் தரும் நன்மை அப்பத்தை வாங்க மட்டும். நைஜீரியாவிலிருந்து வந்திருக்கும் ஃபாதர் ஒபின்னா முதல் வாரமே அவளிடம் கேட்டார்: “எங்க ஊர்ல மக்கள் பாடினா கூரை பறந்துடுமோன்னு பயமா இருக்கும். இங்க கூரை ரொம்பப் பத்திரமா இருக்கே, ஏம்மா?”

“பாடறது என் வேலை ஃபாதர், இருமறது அவங்க வேலை. நாங்க அப்படித்தான் பிரிச்சுக்கிட்டோம்” என்றாள் அட்ராக்டா.

ரோஸ்பெக்கில் மருந்துக்கடைக்கும் குதிரைப் பந்தயக் கடைக்கும் நடுவே இருக்கிறது யூனன் லவெலின் இன்ஷூரன்ஸ் அலுவலகம். யூனனுக்கு ஐம்பத்திரண்டு வயது, கிளாஷ்னாக்காரர். கூச்சம் என்றால் அப்படி ஒரு கூச்சம். பாலிசி விற்றுவிட்டு மன்னிப்புக் கேட்கிற ஆள். அவர் கணினியில் தேடித் தேடி, ஒரு தொகையைக் காகிதத்தில் எழுதி, வாயால் சொல்ல மனம் வராமல் அவள் பக்கம் நகர்த்தினார்.

“ஐயாயிரத்து அறுநூறு யூரோவா! யூனன், இந்தக் காருக்கு எண்ணூறு யூரோ கொடுத்தாலே வாங்கினவன் ஏமாந்தவன்.”

“தெரியும் அக்கா. ஆனா இன்னொரு வழி இருக்கு.” அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார், ஏதோ கள்ளச் சாராயம் விற்கிற மாதிரி. “டப்ளின்ல ஒரு குழு இருக்கு. மூணு கம்பெனி உங்களுக்கு முடியாதுன்னு எழுத்துல கொடுத்துட்டா, அந்த மூணையும் அவங்களுக்கு அனுப்பணும். அப்புறம் அவங்களே ஒரு கம்பெனியைப் பிடிச்சு, ‘இந்த அம்மாவுக்கு நியாயமா ஒரு விலை சொல்லித்தான் ஆகணும்’னு உக்கார வச்சிடுவாங்க.”

“அதாவது, மூணு பேர் என்னை வேணாம்னு சொன்னா நாலாவது ஆள் என்னைக் கட்டிக்கணும்.”

“கிட்டத்தட்ட அப்படித்தான்.”

அட்ராக்டா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். அறுபத்தாறு வருட வாழ்க்கையில் இவ்வளவு கருணையான ஒரு சட்டத்தை அவள் கேள்விப்பட்டதில்லை. வேதாகமத்தில்கூட, சொந்தச் சீடனே மூன்று தடவை மறுதலித்த ஆண்டவருக்கு இப்படி ஒரு குழு இருக்கவில்லை. “மூணு மறுப்புதானே? ஒரு வாரத்துல வாங்கிட்டு வரேன்” என்றாள்.

இருவருமே எங்கள் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அதில் உள்ள சிக்கல் இருவருக்குமே தோன்றவில்லை.

பழைய கம்பெனியின் கடிதம் முதல் மறுப்பு. இரண்டாவது மறுப்பை நூலகத்துக் கணினி கொடுத்தது. அட்ராக்டா ஒன்பது என்று புள்ளிகளைத் தட்டி, ‘சுவர், மாதா கெபி’ என்று விபத்தையும் எழுதி, பொத்தானை அழுத்தினாள். நான்கு நொடி. ‘மன்னிக்கவும், தங்களுக்குக் காப்பீடு வழங்க இயலாது.’ அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு சுத்தமான வார்த்தை! தயக்கம் இல்லை, தேநீர் இல்லை, ‘அம்மா எப்படி இருக்காங்க’ இல்லை. எங்கள் பக்கத்தில் யாரும் இப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை. அச்செடுத்த தாளை மடிக்காமல் மார்போடு அணைத்துக் கொண்டுபோனாள்.

ஏனென்றால் எங்கள் பக்கத்தில் ‘முடியாது’ என்பது வாயில் வராது. கேட்டவர் மனம் நோகுமே. கடன் கேட்டால் ‘பார்ப்போம்’. நிலம் கேட்டால் ‘பார்ப்போம்’. ஜார்லத் ஒரு பெண்ணிடம் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டது முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால். அவள் ‘பார்ப்போம்’ என்றாள். அவளுக்கு இப்போது ஏழு பேரப்பிள்ளைகள். ஜார்லத் இன்னும் அதை முழு மறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவதற்காக அட்ராக்டா ஸ்லைகோவில் இருக்கும் ஒரு கம்பெனிக்குப் போன் செய்தாள். சோர்க்கா என்று ஒரு பெண் எடுத்தாள். விவரம் எல்லாம் கேட்டுவிட்டு, “இது கொஞ்சம் கஷ்டம்தான்” என்று இழுத்தாள். அட்ராக்டாவுக்கு நம்பிக்கை பிறந்தது.

“நல்லது கண்ணு. அந்தக் கஷ்டத்தை அப்படியே எழுதி அனுப்பிடு.”

“ஒரு நிமிஷம். அட்ராக்டா பேடன்னா... ரோஸ்பெக் கோவில்ல ஆர்கன் வாசிக்கிறவங்களா?”

“ஆமா.”

“ஐயோ, எங்க தாத்தா அடக்கத்துக்கு நீங்கதானே வாசிச்சீங்க! எங்கம்மா இன்னிக்கும் சொல்லி அழுவாங்க. உங்களுக்கு நான் முடியாதுன்னு எழுதுவேனா? விடுங்க, நான் பாத்துக்கறேன்.”

“பாத்துக்க வேண்டாம் தாயி! முடியாதுன்னு சொல்லு, அது போதும்!”

“கவலையே படாதீங்க” என்று போனை வைத்துவிட்டாள் சோர்க்கா. ஐந்து நாள் கழித்து அவளிடமிருந்து ஒரு உறை வந்தது. உள்ளே இருந்தது மறுப்பு அல்ல. அட்ராக்டாவின் நலனுக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுத்திருப்பதாக அச்சிட்ட அட்டை.

“இதையும் டப்ளினுக்கு அனுப்பு. சாமியே கைவிட்டாச்சுன்னு நினைச்சுப்பாங்க” என்றார் ஜார்லத்.

மூன்றாவது மறுப்பை யூனனே எழுதுவதாக ஒப்புக்கொண்டார். விவசாயிகளுக்கு இன்ஷூரன்ஸ் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனிக்கு அவர்தான் முகவர். அவர் கையெழுத்துப் போட்டால் செல்லும். கடிதத்தை எழுதி, அவளிடம் காட்டக்கூட வெட்கப்பட்டு, நேரே டப்ளினுக்கு அனுப்பினார். இரண்டு வாரம் கழித்து அது திரும்பி வந்தது. டப்ளின்காரர்கள் மேலே ஒரு சீட்டு இணைத்திருந்தார்கள்: ‘இந்தக் கடிதத்தை எங்கள் அலுவலகத்தில் மூன்று பேர் படித்தோம். இதில் மறுப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.’

அட்ராக்டா அதை யூனன் மேசையில் வைத்து உரக்கப் படித்தாள்.

‘அன்புள்ள அட்ராக்டா, தாங்கள் எங்களை நாடி வந்தது எங்களுக்குப் பெருமை. தற்போதைய நிலையில் இது சற்றே சிரமமாக இருக்கலாமோ என்று அஞ்சுகிறோம்; ஆயினும் காலம் ஒரே மாதிரி இருப்பதில்லை. என் அம்மாவின் அடக்கத்தன்று தாங்கள் வாசித்ததைப் பற்றி வீட்டில் இன்னும் பேசுகிறோம். ஜார்லத்தை விசாரித்ததாகச் சொல்லவும்.’

“இது என்ன யூனன்? பிறந்தநாள் வாழ்த்தா?”

“நான் எவ்வளவு கடுமையா எழுதணுமோ அவ்வளவு கடுமையா எழுதினேன் அக்கா. ‘அஞ்சுகிறோம்’னு போட்ட அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.”

வில்லையில் இன்னும் ஆறு நாள் இருந்தது. அட்ராக்டா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “பேனாவை எடு. நான் சொல்றேன், நீ எழுது. அட்ராக்டா பேடனுக்கு...”

“அன்புள்ள...”

“அன்பு வேண்டாம்.”

“அன்பு இல்லாம எப்படி அக்கா ஆரம்பிக்கிறது? கை வரமாட்டேங்குதே.”

“சரி, இருந்துட்டுப் போகட்டும். ஆனா அதோட நிக்கணும். எழுது. உங்களுக்கு இன்ஷூரன்ஸ் தர முடியாது.”

யூனன் எழுதினார். ‘முடி’ வரைக்கும் வந்து பேனா நின்றது. எழுந்துபோய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். குடித்தார்கள். பிறகு மிச்சம் இரண்டு எழுத்தையும் கண்ணை இடுக்கிக்கொண்டு எழுதினார்.

“காரணம் வேணும். எழுது. முதல் தடவை தொண்ணூத்தி மூணுல போனீங்க. அடுத்தது தொண்ணூத்தி ஏழு. அப்புறம் நூத்தி ஒண்ணு. சுவத்தை இடிச்சீங்க. மாதாவைத் திருப்பிட்டீங்க. திருந்துவீங்கங்கற நம்பிக்கை எங்களுக்கு இல்ல.” தன் பாவங்களைத் தானே இன்னொருவர் குரலில் சொல்லச் சொல்ல அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. பாவசங்கீர்த்தனத்தில்கூட இத்தனை விவரம் அவள் கொடுத்ததில்லை. “போட்டுட்டியா? இன்னும் ஏதாவது உண்டா? உனக்குத் தெரிஞ்சது இருந்தா சேத்துக்கோ.”

விளையாட்டாகத்தான் கேட்டாள். யூனன் பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார்.

“எழுத வேணாம் அக்கா. சும்மா சொல்றேன். எங்கப்பா தினமும் அந்த ரோட்டுலதான் நடப்பாரு. எண்பத்தி நாலு வயசு. ஞாயித்துக்கிழமை பதினொன்னு இருபது ஆச்சுன்னா, சத்தம் வருதோ இல்லையோ, பள்ளத்துல இறங்கி நின்னுப்பாரு. நீங்க போனதும் ஏறி வருவாரு.”

அட்ராக்டா தேநீர்க் கோப்பையை மேசையில் தள்ளிவைத்தாள்.

“திட்டமாட்டாரு அக்கா. ‘ஆர்கன் போகுது’ன்னு மட்டும் சொல்லுவாரு.”

கெபிச் சுவர் இடிந்த அன்றுகூட அவளுக்கு இப்படி இருந்ததில்லை. ஃபெஸ்டஸ் லவெலை அவளுக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ ஞாயிறாக அவர் சேற்றில் இறங்கி நின்றிருக்கிறார், அவள் ஒருமுறைகூட அவரைப் பார்த்ததில்லை. “அதையும் எழுது” என்றாள்.

“அக்கா...”

“எழுது யூனன்.”

எழுதினார். அதுதான் டப்ளின்காரர்களுக்குப் புரிந்த வரி என்று பிறகு தெரிந்தது. வியாழக்கிழமை பதில் வந்துவிட்டது. பழைய கம்பெனியே விலை சொல்லியிருந்தது: வருடத்துக்கு ஆயிரத்து இருநூறு யூரோ. ஆர்கனுக்குக் கிடைப்பதையும் ஜார்லத்தின் இரண்டு ஆடுகளையும் சேர்த்தால் சமாளிக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை. காரில் ஒரு பெட்டி பொருத்தப்படும். எங்கே, எப்போது, எந்த வேகத்தில் என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வாரம் ஒருமுறை நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். மூன்று தடவை வேகம் மீறினால் பாலிசி ரத்து.

வெள்ளிக்கிழமை காசில்பாரிலிருந்து ஒருவர் வந்து அதைப் பொருத்தினார். சோப்புக்கட்டி அளவுதான் இருந்தது. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒளித்துவைத்து, ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்.

“இந்தச் சோப்புக்கட்டிக்குள்ள யாரு இருக்கா?” என்று குனிந்து பார்த்தார் ஜார்லத்.

“எல்லாரும்” என்றாள் அட்ராக்டா.

சனிக்கிழமை ஃபாதர் ஒபின்னாவுக்குப் போன் செய்தாள். “நாளைக்குக் கிளாஷ்னாவுக்குப் பதினேழு நிமிஷம் லேட்டாதான் வருவேன் ஃபாதர். இனிமே எப்பவும் அப்படித்தான். ஆரம்பப் பாட்டு இருக்காது. காணிக்கைப் பாட்டுக்கு வரமுடியுதான்னு பாக்கறேன்.”

“பிரசங்கத்தைக் கொஞ்சம் நீட்டட்டுமா?”

“வேணாம் ஃபாதர். அந்த ஜனங்க என்ன பாவம் பண்ணினாங்க?”

ஞாயிறு. ரோஸ்பெக்கில் பூசை முடிந்து, பதினொன்று பன்னிரண்டுக்கு அட்ராக்டா காரை எடுத்தாள். கல்லறைத் தோட்டத்தருகே கேமரா வேன் நின்றது. அதை ஐம்பத்தெட்டில் கடந்தாள். உள்ளே இருந்தவர் எழுந்து பார்த்தார். வேனில் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பார்.

முதல் ஐந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டினாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஃபாதர் மணி அடிப்பார். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். பிறகு அந்த அமைதி. மழையில்லாத அமைதி, இருமலோடு. அம்மாவை அடக்கம் செய்த அன்றைக்கு இருந்த அதே அமைதியை இன்று தானே கிளாஷ்னாவுக்குத் திருப்பிக் கொடுக்கிறோம் என்று நினைத்தபோது அழுகை முட்டியது. கால் அழுத்தப் பார்த்தது. பச்சை விளக்கு எரிந்தது. விட்டுவிட்டாள்.

வேறு வழியில்லாமல் வெளியே பார்த்தாள்.

சதுப்பு முழுக்க வெள்ளையாக இருந்தது. முதலில் பனியோ என்று நினைத்தாள். ஜூன் மாதத்தில் ஏது பனி? பஞ்சுப்புல். கோடிக்கணக்கான பஞ்சுத் தலைகள், மலையடிவாரம் வரைக்கும், எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, பிறகு ஒரே பக்கமாக நிமிர்ந்தன. கண்ணாடியை இறக்கினாள். மேலே எங்கேயோ ஒரு வானம்பாடி மூச்சு விடாமல் பாடிக்கொண்டிருந்தது. முப்பத்தொரு வருடமாக இந்த வழியில் பாட்டை ஒத்திகை பார்த்துக்கொண்டே போகிற ஒரு இசைக்காரிக்கு, மேலே ஒரு பாட்டுக்காரன் இருப்பது தெரியாது.

எதிரே ஒரு கார் வந்தது. ஓட்டியவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். எங்கள் பக்கத்தில் வணக்கம் என்றால் அதுதான். கிளாஷ்னாக்காரர்கள் விரலைக்கூடத் தூக்காத திமிர் பிடித்தவர்கள் என்றுதான் அவள் எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறாள். அடுத்த டிராக்டரிலும் ஒரு விரல் எழுந்தது. அதற்கடுத்த வேனிலும். எல்லோரும் எப்போதும் தூக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். நூறில் போகிறவளுக்கு விரல் தெரியாது.

மேடு ஏறி இறங்கியதும், இடது பக்கம் ஒரு ஏரி. சின்னக் குட்டை இல்லை, பெரிய ஏரி. நடுவே ஒரு தீவு, தீவில் மூன்று மரம். வானம் அப்படியே உள்ளே கிடந்தது. அட்ராக்டாவுக்கு உண்மையாகவே பயம் வந்தது, வழி தவறிவிட்டோமா என்று.

ஏரிக்கு எதிர்ப்பக்கத்துப் பள்ளத்தில் ஒரு தொப்பி தெரிந்தது. தொப்பிக்குக் கீழே ஃபெஸ்டஸ் லவெல்.

பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தாள். (அதற்காகப் பெட்டி அந்த வாரம் இரண்டு மதிப்பெண் குறைத்தது. அவள் எதிர்த்து ஒன்றும் எழுதவில்லை.)

“நின்னுட்டியா?” என்றார் ஃபெஸ்டஸ், பள்ளத்திலிருந்தே. ஏதோ கடல் பின்வாங்கிவிட்டது போலப் பார்த்தார்.

“நின்னுட்டேன். நீங்க ஏன் இன்னும் கீழயே நிக்கிறீங்க?”

“நீ இன்னும் போகலையே. பதினொன்னு இருபதுல இருந்து நிக்கிறேன். பதினொரு நிமிஷமாச்சு. உனக்கு ஏதாவது ஆயிடுச்சோன்னு பாத்தேன்.”

கை கொடுத்து அவரை மேலே ஏற்றினாள். ஒரு காலுறை முழுக்கச் சேறு. “மன்னிச்சுக்கோங்க ஃபெஸ்டஸ்” என்றாள். எத்தனை வருடத்துக்கு என்று சொல்லத் தெரியவில்லை.

“விடு, காலுக்கு நல்லதுதான், சேறு.” காரில் ஏறிக்கொண்டார். “கோவில்ல இறக்கிவிடு. பையன் உள்ள இருப்பான்.”

“இந்த ஏரி எப்ப வந்துச்சு?”

ஃபெஸ்டஸ் அவளைத் திரும்பிப் பார்த்தார். “ஏரி எப்பவும் இங்கதான் இருக்கு, அட்ராக்டா. நீதான் இருந்ததில்ல.”

பதினொன்று ஐம்பதுக்குக் கிளாஷ்னா. மதுக்கடையைப் பார்த்து நிற்கும் மாதாவுக்குப் பக்கத்தில், மிகுந்த மரியாதையோடு காரை நிறுத்தினாள். காணிக்கை நேரம் இது. மாடிப்படி ஏறி ஆர்கனைத் திறந்தால் கடைசி இரண்டு அடியையாவது பிடிக்கலாம் என்று ஓடினாள். வாசலில் நின்றுவிட்டாள்.

உள்ளே யாரோ பாடினார்கள்.

மாதாவுக்கான பழைய பாட்டு, முப்பத்தொரு வருடமாக அவள் இங்கே வாசித்து வருவது. ஒற்றைக் குரல், ஆண் குரல், இருக்க வேண்டிய இடத்திலிருந்து மூன்று சுரம் இறங்கி, ஒவ்வொரு வரியின் முடிவிலும் மன்னிப்புக் கேட்பது போல நடுங்கியது. எட்டிப் பார்த்தாள். நான்காவது வரிசையில் எழுந்து நின்றுகொண்டிருந்தார் யூனன் லவெல், காது வரைக்கும் சிவந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு. ஒரு ‘முடியாது’ எழுத இரண்டு கோப்பைத் தேநீர் தேவைப்பட்ட மனிதர்.

“எங்க பையன்” என்றார் ஃபெஸ்டஸ், நம்பாமல்.

முதல் அடியை அவர் தனியாகத்தான் பாடி முடித்தார். கேட்கவே வலித்தது. இரண்டாவது அடி தொடங்கும்போது மதுக்கடைக்காரர் எங்கேயோ ஆழத்திலிருந்து உறுமினார். பிறகு பின்வரிசையில் இரண்டு பெண்கள். பிறகு, வாசலோரம் சுவரில் சாய்ந்து எப்போதும் ஆட்டு விலை பேசிக்கொண்டிருக்கும் ஆண்கள், தொப்பியைப் பார்த்துக்கொண்டே. ஆளுக்கு ஒரு சுருதி, ஆளுக்கு ஒரு வேகம். ஒரு கிழவி எல்லோரையும் விட அரை வரி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். ஆனால் வார்த்தை ஒன்றுகூடப் பிசகவில்லை. எல்லாமே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு அடியும், அவள் மூன்றாவது அடிக்கு முன்னால் எடுத்துக்கொள்ளும் அந்தச் சின்ன மூச்சு உட்பட.

இத்தனை வருடமும் அவர்கள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவள் இருந்தவரைக்கும் பாட இடம் இல்லாமல் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அட்ராக்டாவுக்குச் சுருக்கென்றது. அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை; தான் இல்லாமலேயே நடந்துவிட்டதே என்று எவருக்கும் தைக்கும். ஆனால் அந்த வலி நெடுநேரம் நிற்கவில்லை. அந்தக் கரகரத்த, தாறுமாறான, பிரம்மாண்டமான சத்தம் அதன்மேல் ஏறி வந்து மூடிவிட்டது. ஏரியைப் பார்த்தபோது வந்த அதே பயம் வந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஃபெஸ்டஸின் தோளில் வைத்தாள்.

பீடத்திலிருந்து ஃபாதர் ஒபின்னா அவளைப் பார்த்துவிட்டார். முகமெல்லாம் பல்லாக நின்றார். முதலில் கண்ணால் கூரையைக் காட்டினார். பிறகு புருவத்தை உயர்த்தி, மாடியில் இருந்த ஆர்கனைக் காட்டினார்: போகிறீர்களா?

அட்ராக்டா தலையை ஆட்டி, முடியாது என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, தேநீர் இல்லாமல், தயக்கம் இல்லாமல், அந்த நூலகத்துக் கணினியைப் போலச் சுத்தமாக.

பிறகு கடைசி வரிசையில் ஃபெஸ்டஸுக்கு இடம் விட்டு உட்கார்ந்து, மூன்று சுரம் கீழே இறங்கி, அரை வரி முன்னால் போன கிழவியைப் பிடிக்க அவசரப்படாமல், நான்காவது அடியில் சேர்ந்துகொண்டாள்.